ஜிம்மி ரேயை வாசலிலேயே நிறுத்தும் விதி: நேஷனல் ஃபுட்பால் ஃபவுண்டேஷனுக்கு ஒரு திறந்த மடல்

நேஷனல் ஃபுட்பால் ஃபவுண்டேஷன் நிர்வாகிகளுக்கும், கல்லூரி அமெரிக்கக் கால்பந்துப் புகழ் மண்டபத்துக்கு ஆள் தெரிவு செய்யும் குழுவினருக்கும்,

2025 மே மாதத்தில் நீங்கள் ஒரு விதியைத் தளர்த்தினீர்கள். புகழ் மண்டபத்துக்கு வர வேண்டிய தலைமைப் பயிற்சியாளர் தம் ஆட்டங்களில் நூற்றுக்கு அறுபதாவது வென்றிருக்க வேண்டும் என்று நெடுங்காலம் இருந்த எல்லையை ஐம்பத்தொன்பதரைக்கு இறக்கினீர்கள். 265 ஆட்டங்களில் 158 வென்று 59.6 விழுக்காட்டில் நின்றுபோன மைக் லீச், 2022 டிசம்பரில் இறந்துவிட்டதால் இனி ஓர் ஆட்டமும் வெல்ல முடியாதவர், 2027 ஆம் ஆண்டுத் தெரிவிலிருந்து பரிசீலனைக்கு வர அதனால் வழி பிறந்தது. அந்த முடிவைக் குறை கூற நான் வரவில்லை. அரை விழுக்காட்டுக்காக அவரைப் போன்ற ஒருவரை வெளியே நிறுத்தியிருந்ததுதான் பிழை, அதை நீங்களே உணர்ந்து திருத்தினீர்கள். பயிற்சியாளர்களுக்கான கதவின் தாழ்ப்பாளைச் சற்றே நகர்த்தத் தெரிந்த உங்கள் கண்ணில், ஆட்டக்காரர்களுக்கான கதவில் அதைவிடப் பெரிதாகக் கிடக்கும் தாழ்ப்பாள் ஏன் இன்னும் படவில்லை என்று கேட்கவே இதை எழுதுகிறேன். அந்தத் தாழ்ப்பாளால் வெளியே நிற்பவர்களுள் ஒருவர், 1966 இல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக அணியைக் களத்தில் நடத்திய ஜிம்மி ரே.

அந்தத் தாழ்ப்பாள் உங்கள் முதல் நிபந்தனைதான். அங்கீகரிக்கப்பட்ட தேர்வாளர்களில் ஒருவராவது ஒருவரை அவர் ஆடிய காலத்தில், நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களை இடவாரியாகப் பட்டியலிடும் ‘ஆல்-அமெரிக்கன்’ முதல் அணியில் சேர்த்திருக்க வேண்டும். இல்லையேல் அவர் பெயர் வாக்குச்சீட்டுக்கே வராது. அதே விதித்தொகுப்பில், கல்லூரி ஆட்டமே முதன்மையானது என்றாலும் ஆட்டத்துக்குப் பிந்தைய வாழ்வில் அவர் எப்படிப்பட்ட குடிமகனாக இருந்தார் என்பதும் எடைபோடப்படும் என்று எழுதியிருக்கிறீர்கள். எடைபோடுவதற்குத் தராசுத் தட்டுக்கு அருகே ஆள் வர வேண்டும் அல்லவா? இருபது வயதில் ஒரு பையனைப் பற்றிச் சில செய்தி நிறுவனங்களும் சங்கங்களும் எடுத்த ஒரு முடிவு, அதற்குப் பின் அவன் வாழ்ந்த ஐம்பது ஆண்டுகளையும் உங்கள் பார்வைக்கு வராமல் தடுத்துவிடுகிறது.

மிச்சிகன் மாநிலத்தில் லான்சிங் நகரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாழும் தமிழன் நான். இந்த மடலின் ஆங்கில வடிவம் உங்கள் அலுவலகத்துக்குத் தனியே அஞ்சலில் வருகிறது. தமிழிலும் எழுதி வெளியிடுவதற்குக் காரணம், கிரிக்கெட் பார்த்து வளர்ந்த என்னைப் போன்ற பெற்றோர் பலர் வெள்ளிக்கிழமை இரவுகளில் உயர்நிலைப் பள்ளி மைதானங்களின் இரும்புப் படிகளில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, தங்கள் பிள்ளைகள் ஆடும் இந்த ஆட்டத்தைப் புரிந்துகொள்ளப் பாடுபடுகிறார்கள் என்பதே. அவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

ஜிம்மி ரேயைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் தெருவில் இருந்த ஒரு பெரியவர். சிறுவயதில் பெற்றோருடன் அலபாமாவிலிருந்து இங்கு வந்து, மோட்டார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கறுப்பினத்தவர். பனி வழிக்கும்போது எனக்கு உதவ வந்தவர், கையுறையைக் கழற்றிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் காட்டினார். உள்ளே பாதி கிழிந்த, ஓரம் மஞ்சளித்த நுழைவுச்சீட்டு ஒன்று இருந்தது. 1966 நவம்பர் 19, ஸ்பார்ட்டன் அரங்கம். அந்த வாரம் தமக்குப் பிறந்தநாள் என்பதால் அதை எடுத்து வைத்திருந்ததாகச் சொன்னார். பிறந்தநாளுக்கும் அந்தச் சீட்டுக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கவில்லை; கேட்டிருக்கலாம்.

அந்த ஆட்டத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். தோல்வியே காணாத இரண்டு பல்கலைக்கழக அணிகள், மிச்சிகன் ஸ்டேட்டும் நோட்ர டேமும், 80,011 பேர் முன்னிலையில் மோதின. மிச்சிகன் ஸ்டேட் முதலில் பத்துப் புள்ளி எடுத்தது. நோட்ர டேம் மெல்ல மெல்ல எட்டிப் பிடித்துப் பத்துக்குப் பத்து ஆக்கியது. கடைசி ஒரு நிமிடச் சொச்சத்தில் பந்து தம் கையில் இருந்தும் நோட்ர டேம் பயிற்சியாளர் ஆரா பார்செகியன் வெற்றிக்குத் துணியாமல் நேரத்தை ஓட்டிச் சமனில் முடித்துக்கொண்டார். அதைப் பற்றிய வாக்குவாதம் இங்கே தேநீர்க் கடைப் பேச்சுப்போல அறுபது ஆண்டாக ஓய்ந்தபாடில்லை. செய்தி நிறுவனங்களின் வாக்கெடுப்புகள் நோட்ர டேமுக்கே தேசியப் பட்டத்தைக் கொடுத்தன. நீங்கள் அப்படிச் செய்யவில்லை. ஜெனரல் மக்கார்தர் பெயரில் நீங்கள் வழங்கும் வெள்ளிக் கிண்ணத்தை அந்த ஆண்டு இரு அணிகளுக்கும் பகிர்ந்தளித்தீர்கள். 1966 ஆம் ஆண்டுக்கு நேரே உங்கள் பட்டியலில் இன்றும் இரண்டு பெயர்கள் இருக்கின்றன.

அந்த இரண்டில் ஒன்றான மிச்சிகன் ஸ்டேட்டை அன்று களத்தில் நடத்தியவர் ஜிம்மி ரே. குவாட்டர்பேக் என்பவர் ஒவ்வொரு ஆட்ட நகர்விலும் பந்தை முதலில் கையில் வாங்குபவர்; எதிரணி எப்படி நிற்கிறது என்று இரண்டு நொடியில் படித்து, எறிவதா, கொடுப்பதா, தாமே ஓடுவதா என்று முடிவெடுப்பவர். அணியின் மூளை என்று அந்த இடத்தைச் சொல்வது வழக்கம். அந்தச் சொல்லில்தான் வினையே இருந்தது. கறுப்பின இளைஞர்களுக்குக் காலும் தோளும் உண்டு, அந்த இடத்துக்கு வேண்டிய நிதானம் கிடையாது என்று வெளிப்படையாகவே நம்பிய காலம் அது. வட கரோலைனாவின் ஃபயட்வில் நகரில் 1946 இல் பிறந்து, கறுப்பினப் பிள்ளைகள் படித்த ஈ. ஈ. ஸ்மித் உயர்நிலைப் பள்ளியில் குவாட்டர்பேக்காக ஆடிய ரேக்குத் தம் மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழக அணிகளில் அன்று இடமில்லை. தென் மாநிலப் பல்கலைக்கழக அணிகள் ஆடும் தென்கிழக்குக் கூட்டமைப்பில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர் முதன்முதலில் களமிறங்கியதே 1967 இல்தான். பயிற்சியாளர் டஃபி டோஹர்ட்டி தென் மாநிலங்களிலிருந்து அழைத்து வந்த இளைஞர்களுள் ஒருவராக 1964 இல் ரே மிச்சிகன் ஸ்டேட் இருக்கும் ஈஸ்ட் லான்சிங் வந்து சேர்ந்தார். முதலாண்டு மாணவர் முதன்மை அணியில் ஆடக்கூடாது என்பது அன்றைய விதி. அடுத்த ஆண்டு மாற்று ஆட்டக்காரராகக் காத்திருந்து, 1966 இலும் 1967 இலும் தொடக்க குவாட்டர்பேக் ஆனார். தென் மாநிலத்தில் பிறந்த கறுப்பின குவாட்டர்பேக் ஒருவர் நடத்திய அணி தேசியப் பட்டத்தில் பங்கு பெற்றது அதுவே முதல் முறை என்று ஆட்ட வரலாற்றில் சொல்லப்படுகிறது. அந்தப் பட்டத்துக்குச் சான்று உங்கள் கிண்ணம்.

இப்போது உங்கள் மண்டபத்தைப் பாருங்கள். அவருடன் ஆடிய பப்பா ஸ்மித் உள்ளே இருக்கிறார். ஜார்ஜ் வெப்ஸ்டர் இருக்கிறார். அவர் எறிந்த பந்துகளைப் பிடித்த ஜீன் வாஷிங்டனும், அவர் கையிலிருந்து பந்தை வாங்கி ஓடிய கிளின்ட் ஜோன்ஸும் இருக்கிறார்கள். நால்வரும் தகுதியானவர்கள், தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 1967 தெரிவில் முதல் எட்டு இடங்களுக்குள் எடுக்கப்பட்டவர்கள். பந்தைப் பிடித்தவருக்கும் வாங்கியவருக்கும் இடம் கொடுத்த மண்டபத்தில், எறிந்து கொடுத்தவரின் பெயர் பரிசீலிக்கக்கூடத் தகுதியற்றதாக இருக்கிறது.

காரணம் எளிது. ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது 1966 இல் புளோரிடாவின் ஸ்டீவ் ஸ்பரியருக்குப் போயிற்று, அடுத்த இடம் பர்டூ பல்கலைக்கழகத்தின் பாப் கிரீஸிக்கு. இருவரும் குவாட்டர்பேக்குகள், இருவரும் அசாத்தியமானவர்கள், அதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் ஓர் ஆல்-அமெரிக்கன் அணியில் முன்வரிசைக் காவலருக்கு ஐந்தாறு இடமும், ஓடுபவர்க்கு இரண்டு மூன்று இடமும் இருக்க, குவாட்டர்பேக்குக்கு ஒரே ஓர் இடம்தான். அதனால் இந்த விதி எல்லா ஆட்டக்காரரையும் வருத்தினாலும் குவாட்டர்பேக்குகளை மிகுதியாக வருத்துகிறது. குவாட்டர்பேக் ஜோ மொன்டானா நோட்ர டேமுக்குத் தேசியப் பட்டம் வென்று கொடுத்தவர். அவரும் இதே விதியால் உங்கள் மண்டபத்துக்கு வெளியில்தான் நிற்கிறார். மொன்டானாவுக்கு இதனால் குறையொன்றும் இல்லை, உலகம் அவரை வேறு பல மண்டபங்களில் வைத்துவிட்டது. ரேயின் கதை அப்படியல்ல.

1968 தொழில்முறைத் தெரிவில் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி அவரைக் கடைசிச் சுற்றுகளில் ஒன்றில் எடுத்தது, அதுவும் குவாட்டர்பேக்காக அன்று. எதிரணி எறியும் பந்தைத் தடுக்கும் டிஃபென்சிவ் பேக்காக. மிச்சிகன் ஸ்டேட்டின் பழைய மாணவரான கறுப்பின குவாட்டர்பேக் வில்லி த்ரோவர் 1953 இல் சிகாகோ பேர்ஸ் அணிக்காகக் களமிறங்கிப் பந்தெறிந்து பதினைந்து ஆண்டாகியும் நிலைமை அதுதான். மினசோட்டாவின் சாண்டி ஸ்டீவன்ஸ் 1961 இல் முதல் கறுப்பின ஆல்-அமெரிக்கன் குவாட்டர்பேக் ஆனார். இங்குள்ள தொழில்முறை அணிகள் அவரை அந்த இடத்தில் ஆடவிடவில்லை, கனடாவுக்குப் போய்த்தான் ஆடினார். 1970களில் அதே மினசோட்டாவுக்கு குவாட்டர்பேக்காக ஆடிய டோனி டஞ்சியைப் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி தடுப்பாட்டக்காரராக மாற்றியது. 1977 இல் ஓர் ஆட்டத்தில் அவ்வணியின் மற்ற குவாட்டர்பேக்குகள் அடிபட்டு வெளியேற, வேறு வழியின்றி டஞ்சி அந்த இடத்தில் நின்றார். எதிரணியின் எறிபந்தைப் பிடித்து, தாம் எறிந்ததை எதிரணியிடம் கொடுத்து, ஒரே ஆட்டத்தில் இரண்டும் செய்த அபூர்வப் பேர்வழி ஆனார்.

ஆடும் வழி அடைபட்ட இவர்கள் பயிற்சியளிக்கப் போனார்கள். ரே 1970களின் முற்பாதியில் மிச்சிகன் ஸ்டேட்டிலேயே துணைப் பயிற்சியாளராகத் தொடங்கி, 1977 இல் சான் பிரான்சிஸ்கோ 49ஏர்ஸ் வழியாகத் தொழில்முறைக் களத்துக்குள் நுழைந்தார். 2010 இலும் அதே சான் பிரான்சிஸ்கோவில் பணியாற்றிக்கொண்டிருந்தார். இடையில் ராம்ஸ், டாம்பா பே, நியூ இங்கிலாந்து, கான்சஸ் சிட்டி, வாஷிங்டன், ஓக்லாந்து, முடிவில் சான் பிரான்சிஸ்கோ என ஏழு அணிகளுக்கு அஃபென்சிவ் கோஆர்டினேட்டராக இருந்தார். அதாவது பந்து தம் அணியின் கையில் இருக்கும்போது என்ன ஆட்டம் ஆடுவது என்பதை வகுத்தவர். அந்த இடத்துக்கு வேண்டிய நிதானம் கிடையாது என்று எந்த மூளையைச் சொன்னார்களோ, அந்த மூளையைத்தான் ஏழு அணிகள் சம்பளம் கொடுத்து வாங்கின. எரிக் டிக்கர்சன் 1984 இல் ராம்ஸ் அணிக்காகப் பந்துடன் 2,105 கெஜம் ஓடி நிலைநாட்டிய ஒரு பருவச் சாதனையை இன்றுவரை ஒருவரும் முறியடிக்கவில்லை. அந்த ஆண்டு ராம்ஸின் அஃபென்சிவ் கோஆர்டினேட்டர் ரே.

அவர் தலைமைப் பயிற்சியாளராக ஆக்கப்படவேயில்லை. 1921 இல் அக்ரன் அணிக்கு ஃபிரிட்ஸ் பொல்லார்டு பயிற்சியாளரானதற்கும் 1989 இல் ரெய்டர்ஸ் ஆர்ட் ஷெல்லை அமர்த்தியதற்கும் இடையில் தொழில்முறைக் களத்தில் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஒருவர்கூட இல்லை. ரேயின் நல்ல வயது முழுவதும் அந்த இடைவெளிக்குள் கழிந்தது. தலைமைப் பதவிக்கு ஆள் தேடும் அணி சிறுபான்மையினர் ஒருவரையாவது நேர்காண வேண்டும் என்ற ரூனி விதி 2003 இல் வந்தபோது, அவர் அந்தக் களத்தில் இருபத்தாறு ஆண்டுகளைக் கழித்துவிட்டிருந்தார். டஞ்சிக்காவது காலம் சற்றே வழிவிட்டது. 2007 பிப்ரவரியில் தொழில்முறைக் களத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் வென்ற முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் அவர். அவருக்கு முன்னால் வரிசையில் நின்றவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

ஆகவே உங்கள் விதிகளின்படி ரேயின் நிலையைப் பாருங்கள். ஆட்டக்காரராக வர ஆல்-அமெரிக்கன் முதல் அணி வேண்டும், அது இல்லை. பயிற்சியாளராக வரக் கல்லூரித் தலைமைப் பயிற்சியாளராகப் பத்தாண்டும் நூறு ஆட்டமும் வேண்டும். தலைமைப் பதவியே தரப்படவில்லை. ஒரு கதவை 1966 இன் தேர்வாளர்களும் மறு கதவை அணி முதலாளிகளும் மூடினார்கள். அவர்கள் மூடிய கதவுகளுக்கு நீங்கள் காவல் நிற்கிறீர்கள். நீங்கள் அநீதி செய்தீர்கள் என்று சொல்லவில்லை. பொல்லார்டை 1954 இலேயே உள்ளே அழைத்த அமைப்பு உங்களுடையது என்பதை அறிவேன். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். கேட்டுப் பயனில்லாத இடத்தில் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன்.

இதில் எனக்கென்ன அக்கறை என்று கேட்கலாம். என் மகன் நடுநிலைப் பள்ளியில் இரண்டு ஆண்டு குவாட்டர்பேக்காக ஆடினான். ஒன்பதாம் வகுப்பில் புதிய பள்ளியில் சேர்ந்து தெரிவுப் பயிற்சிக்குப் போன முதல் நாளே, அவன் நான்கு பந்து எறிந்து முடிப்பதற்குள், பயிற்சியாளர் ஒருவர் அட்டையில் எதையோ எழுதிக்கொண்டு, “உனக்கு நல்ல ஓட்டம் இருக்கிறது, நீ ரிசீவருக்குப் போ” என்றார். குவாட்டர்பேக் எறியும் பந்தை ஓடிப் பிடிப்பவர்தான் ரிசீவர். அந்தப் பயிற்சியாளர் கெட்டவரல்லர். பிறகு அவனிடம் அன்பாகவே இருந்தார். ஆனால் அந்த மைதானத்தில் அவனைவிட வேகமாக ஓடிய வெள்ளைப் பிள்ளைகள் இரண்டு பேர் குவாட்டர்பேக் வரிசையிலேயே நின்றதை நான் வேலியோரத்திலிருந்து பார்த்தேன். ஆட்டக் குறிப்புகளைச் செருகி முன்கையில் கட்டிக்கொள்ளும் கறுப்புப் பட்டை ஒன்றை அந்தக் கோடையில் தன் கைச்செலவுக் காசில் வாங்கியிருந்தான். அன்று இரவு அடுத்த அறையில் அதன் ஒட்டுநாடாவை அவன் பிரிப்பதும் ஒட்டுவதும் பிரிப்பதுமாக இருந்த அந்தப் ‘பர்ர்’ என்ற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. காலையில் பட்டை காலுறை இழுப்பறைக்குள் போய்விட்டது. நான்கு ஆண்டும் அவன் ரிசீவராகவே ஆடி முடித்தான்.

வசதியான வீட்டில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு நேர்ந்த இந்தச் சிறு ஏமாற்றத்தை, தென் மாநிலப் பிரிவினைக்குள் பிறந்த ஒருவருக்கு நேர்ந்ததோடு ஒரே தட்டில் வைக்கும் துணிச்சல் எனக்கில்லை. “நல்ல ஓட்டம் இருக்கிறது” என்ற சொல் எவ்வளவு பழையது, எத்தனை பேரிடம் சொல்லப்பட்டது என்பதை அந்த இரவுக்குப் பிறகுதான் தேடிப் படிக்கத் தொடங்கினேன். தெருப் பெரியவர் காட்டிய நுழைவுச்சீட்டின் பொருளும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவரிடம் போய்ச் சொன்னபோது சிரித்தார். ரேயின் பெயர் தம் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது, மண்டபத்தில் இருக்கும் நால்வரின் பெயர் தெரியும் என்றார்.

எல்லையைத் தளர்த்தினால் கூட்டம் பெருகிவிடும் என்பது நீங்கள் சொல்லக்கூடிய மறுமொழி. அது வெற்று வாதமன்று. பல இலட்சம் பேர் ஆடிய ஆட்டத்தில் ஏதேனும் ஒரு வடிகட்டி வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வடிகட்டி வேறு, முத்திரை வேறு. தேசியப் பட்டம் வென்ற அணியின் தொடக்க குவாட்டர்பேக்காக இருப்பவர் ஆண்டுக்கு ஒருவரோ இருவரோதான். உங்கள் வாக்குச்சீட்டு அதனால் வீங்கிவிடாது. தொழில்முறைக் களத்தில் செய்த பணி கல்லூரி மண்டபத்துக்குரியதன்று என்றும் சொல்லலாம். பிந்தைய வாழ்வை எடைபோடுவோம் என்று எழுதியவர்கள் நீங்கள். முப்பதாண்டுக்கு மேல் இளைஞர்களுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தது அந்த எடையில் வராது என்றால், வேறு எது வரும்?

என் கோரிக்கைகள் இவை. ஆல்-அமெரிக்கன் முதல் அணி என்ற நிபந்தனைக்கு மாற்றாக, உங்கள் மக்கார்தர் கிண்ணத்தைப் பெற்ற அல்லது பகிர்ந்த அணிகளின் தொடக்க குவாட்டர்பேக்குகளையும் வாக்குச்சீட்டுக்குத் தகுதியுடையோராக ஏற்க வேண்டும். அது பெரிய மாற்றமாகத் தோன்றினால், குறைந்தது தென் மாநிலப் பல்கலைக்கழகங்கள் கறுப்பின ஆட்டக்காரரை ஏற்கத் தொடங்காத காலத்தில் ஆடியவர்களுக்காவது, அந்த நிபந்தனையைத் தள்ளிவைத்து ஒவ்வொருவர் வாழ்வையும் முழுமையாகப் பார்க்கும் அதிகாரத்தை மூத்தோர் தெரிவுக் குழுவுக்கு வழங்க வேண்டும். தலைமைப் பதவி மறுக்கப்பட்டு வாழ்நாள் முழுவதும் துணைப் பயிற்சியாளராகவும் ஒருங்கிணைப்பாளராகவும் உழைத்த முன்னாள் கல்லூரி ஆட்டக்காரர்களை எந்தப் பிரிவின்கீழ் பரிசீலிப்பீர்கள் என்பதை எழுத்தில் அறிவிக்க வேண்டும். ‘பிந்தைய வாழ்வு’ என்ற உங்கள் சொல்லுக்கு நீங்கள் கொள்ளும் பொருளையும் அதே அறிவிப்பில் சொல்ல வேண்டும். இந்த மூன்றையும் ஏற்க இயலாது என்றால், பயிற்சியாளர் விதியைத் திருத்திய ஆண்டில் ஆட்டக்காரர் விதியைத் திருத்தாமல் விட்டதற்கான காரணத்தையாவது வெளியிட வேண்டும்.

கடைசியாக, காலம் பற்றிய கோரிக்கை ஒன்று. சாண்டி ஸ்டீவன்ஸ் ஆல்-அமெரிக்கனாக இருந்தும், அதாவது உங்கள் நிபந்தனையை முழுமையாக நிறைவேற்றியிருந்தும், 2011 இல்தான் மண்டபத்துக்குள் வந்தார். அவர் இறந்தது 2000 இல். மைக் லீச்சுக்கான திருத்தமும் அவர் இறந்த பிறகே வந்தது. ரே பிறந்த ஆண்டை மேலே எழுதியிருக்கிறேன். அடுத்த ஆண்டுக்கான வாக்குச்சீட்டு அச்சாகும் முன் இந்த விதியை உங்கள் குழுவின் நிகழ்ச்சிநிரலில் சேர்த்து, முடிவு எதுவானாலும் அதைத் தேதியிட்டு அறிவியுங்கள்.

இப்படிக்கு,
ஸ்பார்ட்டன் அரங்கத்தின் வடக்குப் பக்கப் படிகளிலிருந்து ஒரு பார்வையாளன்,
லான்சிங், மிச்சிகன்